கேமரா பேட்டரி: கம்பெனியா, மாற்று பிராண்டா, பாதி விலை 'ஒரிஜினலா'?

கல்யாண வேலைக்குப் போகிற போட்டோகிராபர்களிடம் பேட்டரி பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சி உண்டு. கேமராவைச் செய்த கம்பெனியின் பேட்டரியைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்பவர்கள் ஒரு பக்கம். அந்தக் காசுக்கு மாற்று பிராண்டில் மூன்று வாங்கிவிடலாமே என்பவர்கள் இன்னொரு பக்கம். ஆன்லைனில் தேடும்போது மூன்றாவதாக ஒன்று நைசாக நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேனான் என்றே அச்சடித்திருக்கும், கேனான் பெட்டியிலேயே வரும், விலை மட்டும் பாதி. போன சீசனுக்கு முன்னால் பழைய பேட்டரிகளை மாற்ற வேண்டி வந்தபோது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாங்கியது கம்பெனி பேட்டரி. அதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பவை 5டி மார்க் 4, ஆர்6 என்ற இரண்டு கேனான் கேமராக்கள். இரண்டுக்கும் எல்பி-இ6 குடும்பத்து பேட்டரிகள்தான். இந்தக் குடும்பம் 2008-இல் 5டி மார்க் 2-உடன் வந்தது. வெளிக்கூடு அன்று முதல் மாறவில்லை, உள்ளே இருக்கிற கொள்ளளவுதான் ஏறியது. முதலில் 1800 எம்ஏஹெச் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு). 2014-இல் எல்பி-இ6என் 1865. 2020-இல் ஆர்5, ஆர்6 வந்தபோது எல்பி-இ6என்ஹெச் 2130. 2024-இல் ஆர்5 மார்க் 2-க்காக வந்த எல்பி-இ6பி-யிலும் அதே 2130தான். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு ஆன்லைனில் தேடிப் பாருங்கள். அதே அளவு கூட்டுக்குள் 2600, 3000 என்றெல்லாம் லேபிள் ஒட்டி விற்கிறார்கள். கேமராவைச் செய்கிற கம்பெனி பன்னிரண்டு வருடத்தில் 330 எம்ஏஹெச் ஏற்றியிருக்கிறது. மற்றவர்கள் ஒரே தாவலில் அதை எப்படித் தாண்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மாற்று பிராண்டைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டு, 'கேனான் கேமராவுக்குப் பொருந்தும்' என்று சொல்லி விற்பது நேர்மையான வியாபாரம். விலை குறைவு. இரண்டு பேட்டரியும் ஒரு யுஎஸ்பி சார்ஜரும் சேர்ந்து செட்டாகக் கிடைக்கும், இப்போது சிலவற்றில் டைப்-சி துளை பேட்டரியிலேயே இருக்கிறது. மண்டபத்தில் பிளக் பாயின்ட் தேடி அலைகிறவர்களுக்கு அது பெரிய வசதி. குறை என்றால், கேமரா அதை முழுசாக நம்பாது. புதிய மாடல்களில் பேட்டரியோடு சரியாகப் பேச முடியாவிட்டால் 'இந்த பேட்டரியில் கேனான் லோகோ இருக்கிறதா?' என்று திரையில் ஒரு கேள்வி வரும். இல்லை என்று அமுக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். சில பேட்டரிகளை கேனானின் எல்சி-இ6 சார்ஜர் ஏற்றுக்கொள்ளாது, ஆரஞ்சு விளக்கு படபடவென்று சிமிட்டும். ஆர்6-இல் வேகத் தொடர் படம் எடுக்கும்போது எச்+ குறி பச்சையாக இல்லாமல் வெள்ளையாகவே நிற்கலாம், அதாவது முழு வேகம் கிடைக்கவில்லை. இதெல்லாம் எரிச்சல்தான், ஆனால் வாங்கும்போதே தெரிந்து வாங்குகிற எரிச்சல்.

சிக்கல் அந்தப் பாதி விலை 'ஒரிஜினலில்' இருக்கிறது. என்னோடு வேலை செய்கிற தம்பி அப்படி இரண்டு வாங்கி வந்தான். "கம்பெனிதாங்ணா, ஆபர்ல போட்டிருந்தான்" என்று பெட்டியோடு நீட்டினான். வாங்கிப் பார்த்தால் சட்டென்று எதையும் சொல்ல முடியவில்லை. ஹாலோகிராம் ஸ்டிக்கர் மின்னியது. எழுத்து சுத்தமாக இருந்தது. 2130 என்று சரியான எண்ணையே போட்டிருந்தார்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்: மாற்று பிராண்டுக்காரர் எண்ணைக் கூட்டிப் போடுவார், போலி செய்கிறவர் கூட்டமாட்டார். ஒரிஜினலில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே அடிப்பதுதான் அவர் தொழில்.

கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. பேட்டரிக்கு மேல் மாட்டுகிற பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே, அதில் பேட்டரி வடிவத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். மூடியை ஒரு பக்கமாகத் திருப்பி மாட்டினால் துளை வழியாக நீல நிறம் தெரியும், இன்னொரு பக்கம் மாட்டினால் தெரியாது. சார்ஜ் ஆனது எது, ஆகாதது எது என்று பையைத் துழாவாமல் தெரிந்துகொள்ளச் செய்த ஏற்பாடு. ஒரிஜினலில் அந்த மூடி 'டக்' என்று உட்காரும். இவன் கொண்டுவந்ததில் லொடலொடத்தது, நீலமும் ஓரத்தில் பாதி மறைந்திருந்தது. கையில் எடையும் குறைவாகத் தோன்றியது. ஆனால் கை எடையை வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாதே.

5டி மார்க் 4-இல் பேட்டரிகளைப் பதிவு செய்துகொள்ளும் வசதி உண்டு, ஆறு வரைக்கும். மெனுவில் பேட்டரி தகவலுக்குள் போனால் அந்த பேட்டரியின் வரிசை எண் திரையில் வரும். கூட்டின் மேல் அது அச்சிடப்பட்டிருக்காது, உள்ளே இருக்கிற சிப் சொல்வதுதான். முதல் பேட்டரியைப் போட்டுப் பதிவு செய்தோம். எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டால், ஏற்கெனவே பதிவான பேட்டரி என்று கேமரா சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே எண். ஒரு சிப்பை நகலெடுத்து எல்லாவற்றிலும் போட்டிருக்கிறார்கள். ஹாலோகிராம், எழுத்து, பெட்டி எல்லாவற்றையும் விட இந்தச் சோதனையை நம்புகிறேன். ஆனால் இதற்கு ஒன்றுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், பதிவு வசதி உள்ள கேமராவும் வேண்டும். என் ஆர்6-இல் அந்த வசதி இல்லை.

சரி, போலியாகவே இருக்கட்டும், சார்ஜ் நிற்கிறதே, படம் எடுக்கிறதே, அப்புறம் என்ன? தம்பியும் இதைத்தான் கேட்டான். நியாயமான கேள்வி. தீ, வெடிப்பு என்று பயமுறுத்துவது சுலபம், லித்தியம் பேட்டரியில் பாதுகாப்புச் சர்க்யூட்டில் மிச்சம் பிடித்தால் அது நடக்கக்கூடியதும்தான். ஆனால் தினசரி வேலையில் நம்மைக் கவிழ்ப்பது அதுவல்ல. எனக்கு முடிவைத் தீர்மானித்தது பேட்டரி மூப்படைகிற விதம்.

கேமரா பையில் இருக்கிற மற்ற போலிகளை யோசித்துப் பாருங்கள். போலி மெமரி கார்டை ஒரு சாயங்காலத்தில் பிடித்துவிடலாம். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி ஒரு இலவச மென்பொருளை ஓடவிட்டால் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து, 128 ஜிபி என்று சொன்னதில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டிவிடும். போலி ஃபில்டரை லென்ஸில் மாட்டி விளக்குக்கு எதிரே பிடித்தால் அதன் சாயம் வெளுத்துவிடும். இரண்டையும் மறுநாளே திருப்பி அனுப்பிவிடலாம். பேட்டரி அப்படி இல்லை. உள்ளே மட்டமான செல் இருக்கிற பேட்டரியும் முதல் மாதம் நன்றாகத்தான் ஓடும். ஆன்லைனில் திருப்பி அனுப்ப பெரும்பாலும் ஒரு வாரமோ பத்து நாளோதான் தருகிறார்கள். பேட்டரியின் குணம் தெரிய ஆறு மாதமாவது வேண்டும். இடையில் இருக்கிற இந்த இடைவெளியில்தான் போலி வியாபாரமே நடக்கிறது. பொருளுக்குக் கீழே இருக்கிற விமர்சனங்களைப் படித்தாலும் இது புரியும். 'சூப்பர், ஒரிஜினல் மாதிரியே இருக்கு' என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் பாதிப் பேர் பார்சல் பிரித்த அன்றே எழுதியவர்கள். பேட்டரிக்கு அன்றைக்கு எழுதுகிற விமர்சனத்தால் யாருக்கும் பயனில்லை.

மூப்பு எல்லா பேட்டரிக்கும் வரும், கம்பெனி பேட்டரிக்கும் வரும். வித்தியாசம், அது சொல்லிக்கொண்டு வருகிறது. கேனானின் பேட்டரி தகவல் திரையில் மீதி சார்ஜ் சதவீதத்தில் தெரியும், அதற்குக் கீழே ரீசார்ஜ் திறன் மூன்று கட்டமாகத் தெரியும். மூன்றும் பச்சையாக இருந்தால் பேட்டரி திடமாக இருக்கிறது. இரண்டு பச்சை என்றால் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. ஒன்றே ஒன்று, அதுவும் சிவப்பில் வந்தால் புதிது வாங்கு என்று பொருள். என்னிடம் இருந்த பழைய பேட்டரி ஒன்று இரண்டு பச்சைக்கு இறங்கிய பிறகும் வெகுகாலம் உழைத்தது. ஆனால் அன்று முதல் அதை முக்கிய கேமராவில் போடவில்லை. ரிசப்ஷன், மேடைப் படம், சாப்பாட்டுப் பந்தி என்று நிதானமான வேலைக்கு ஒதுக்கிவிட்டேன். இப்படித் திட்டமிட முடிகிறது பாருங்கள், நான் கூடுதலாகக் கொடுத்த காசு இதற்குத்தான்.

நகல் சிப் இதைச் சொல்லாது, அல்லது பொய் சொல்லும். தம்பியின் பேட்டரிகள் சீசன் பாதியிலேயே தளர ஆரம்பித்தன. ரீசார்ஜ் திறன் மட்டும் கடைசி வரை மூன்று பச்சைதான். சதவீதமும் அப்படியே: நாற்பதுக்குப் பக்கத்தில் வெகுநேரம் அசையாமல் நிற்கும், பிறகு ஒரேயடியாக அணைந்துவிடும். வேறு வேலைக்கு இது பரவாயில்லை. முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளம் தொடங்கி மூன்று முடிச்சு விழுவதற்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையிடம் 'இன்னொரு தடவை கட்டுங்க' என்று சொல்ல முடியாது. தம்பி அதிகாலையிலேயே பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் மேடையேறுவான் என்பதால் தப்பித்தான். ஒரு பேட்டரியின் கிட்டத்தட்ட பாதிச் சார்ஜை நம்பாமல் வீணாக்க வேண்டுமென்றால், அது பாதி விலைக்கு வந்ததில் என்ன லாபம்?

மாற்று பிராண்டு இங்கே எங்கே நிற்கிறது? நடுவில். நல்ல பிராண்டு என்றால் சதவீதம் ஓரளவு ஒழுங்காக இறங்குகிறது, ரீசார்ஜ் திறன் காட்டுவதை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் வாங்கிய மாதத்தை மார்க்கரில் பேட்டரியிலேயே எழுதிவைத்து, கூடினால் இரண்டு வருடம் என்று கணக்குப் போட்டு ஒதுக்குவது நல்லது. வீடியோ பக்கம் மானிட்டருக்கும் எல்ஈடி லைட்டுக்கும் போடுகிற என்பி-எஃப் வகைக்கு நானே மாற்று பிராண்டுதான் வைத்திருக்கிறேன். லைட் அணைந்தால் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம், அதற்குப் போய் கம்பெனி விலை கொடுக்கத் தேவையில்லை. வாரக் கடைசியில் பறவை, கோயில், மலை என்று சுற்றுகிறவர்களுக்கும் ஒரு கம்பெனி பேட்டரியோடு ஒரு நல்ல மாற்று பேட்டரி இருந்தால் போதும் என்றே சொல்வேன்.

ஊதிப்போவது பற்றி ஒரு வார்த்தை. ஊதிய பேட்டரி கேமராவின் அறைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும், இடுக்கியை விட்டு நெம்பினால் உள்ளே இருக்கிற பின்கள் வளைந்து சர்வீஸ் செலவு பேட்டரி விலையைத் தாண்டிவிடும். கம்பெனி பேட்டரி ஊதவே ஊதாது என்று சத்தியம் செய்யமாட்டேன். என் கையில் இதுவரை ஊதியதில்லை, அவ்வளவுதான். எதுவானாலும் வழக்கத்தை விட இறுக்கமாகப் போகிற பேட்டரியை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கம்பெனி பேட்டரிதான் என்று முடிவெடுத்த பிறகும் ஆன்லைனில் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது. ஒரே பொருள் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள், விலையைக் குறைத்தவர் மேலே வந்து நிற்பார். 'விற்பவர்' என்று சின்ன எழுத்தில் இருக்கிற பெயரைப் படிக்காமல் பட்டனை அமுக்கக்கூடாது. பார்சல் வந்ததும் பெட்டியில் இந்திய ஸ்டிக்கரைத் தேடுங்கள். இங்கே முறையாக இறக்குமதியான பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம், வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் இருந்தாக வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் பதிவும் கட்டாயம், ஐஎஸ் 16046 என்றும் ஆர் என்று தொடங்கும் ஒரு பதிவெண்ணும் இருக்கும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். போலிக்காரர் இந்த எண்ணையும் பார்த்து அடிக்கலாம் என்பதால் இது மட்டும் போதாது. ஆனால் ஸ்டிக்கரே இல்லாத பெட்டியை அன்றைக்கே திருப்பி அனுப்ப இதைவிட நல்ல காரணம் வேண்டாம். பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். விற்பவர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லும்போது அது கைகொடுக்கும்.

நான் கடைசியில் ஆன்லைனை விட்டுவிட்டு, கேமரா வாங்கிய அதே டீலரிடம் சொல்லிவைத்து, ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினேன். தள்ளுபடி பெரிதாக இல்லை. கடையிலேயே 5டி-யில் போட்டு வரிசை எண் வேறு வேறா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன், டீலர் முகத்தைச் சுளிக்கவில்லை. நிக்கான் இஎன்-இஎல்15, சோனி என்பி-எஃப்இசட்100 வைத்திருப்பவர்களுக்கு வாங்குகிற வழி பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். மெனு பற்றிச் சொன்னதை மட்டும் உங்கள் கேமராவில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அவை என் கையில் அதிகம் புழங்கியதில்லை. தம்பி அடுத்த சீசனுக்கு ஒரு கம்பெனி பேட்டரியும் ஒரு மாற்று பிராண்டு செட்டும் எடுத்திருக்கிறான். அந்த இரண்டு போலிகளின் முனைகளிலும் டேப் ஒட்டி, மின்கழிவு எடுக்கிறவரிடம் கொடுத்துவிட்டோம்.