வாங்குகளை எடுத்து ஆறு வருடம்

கிழக்கு லண்டனில் நாங்கள் போகும் ஆங்கிலிக்கன் தேவாலயம் 1960களில் கட்டியது. செங்கல் சுவர், கொங்கிரீட் கூரை, உயரத்தில் வரிசையாகக் கண்ணாடி. ஆறு வருடத்துக்கு முன்பு, தரையோடு பொருத்தியிருந்த நீள வாங்குகளை எடுத்துவிட்டு அடுக்கு கதிரைகள் போட்டோம். அன்றிலிருந்து அவற்றை அடுக்கி எடுப்பவர்களில் நானும் ஒருத்தி.

முடிவெடுக்கும் முன், கிழக்கு லண்டனிலேயே போ கொமன் (Bow Common) என்ற இடத்தில் இருக்கும் சென் போல்ஸ் தேவாலயத்துக்குப் போய்ப் பார்த்தோம். ராபர்ட் மக்வயர், கீத் மரி இருவரும் வடிவமைத்து 1960இல் திறந்த கட்டடம். நடுவில் பலிபீடம், அதற்கு மேலே கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. ஆட்கள் சுற்றி நிற்கும்படி தரையைத் திறந்து விட்டிருக்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் வாங்குகள் மறைத்து வைத்திருந்த தரையை அங்கே நின்றபோதுதான் நினைத்துப் பார்த்தேன்.

வடிவமைப்பாளர் டேவிட் ரோலண்டின் 40/4 என்ற கதிரையைப் பலர் பரிந்துரைத்தார்கள். 1964இல் வந்தது. நாற்பது கதிரையை நான்கு அடி உயரத்துக்குள் அடுக்கலாம், அதனால்தான் அந்தப் பெயர். லண்டன் நகரின் நடுவில் இருக்கும் சென் போல்ஸ் பேராலயத்திலும் அதைப் பார்க்கலாம். நாங்கள் வாங்கியது அதே மாதிரி மெல்லிய இரும்புக் கால், மர இருக்கை. மெத்தை வைத்தது வேண்டாம் என்று ஆலோசனை வந்தபோது எனக்குக் கோபம்தான், அம்மாவின் இடுப்பை நினைத்து. இப்போது செவ்வாய்க்கிழமை குழந்தைகள் ஜூஸ் கொட்டுகிறார்கள், உணவு வங்கி நாளில் சூப் சிந்துகிறது, ஈரத் துணியால் ஒரு துடைப்போடு முடிகிறது. அந்த ஆலோசனை சரி.

அம்மாவின் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கைப்பிடி இல்லாமல் அவவால் எழும்ப முடியவில்லை. முன்னால் இருந்த கதிரையை அவ பிடித்தபோது அது சறுக்கியது. விழவில்லை, ஆனால் அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. கைப்பிடி வைத்த பன்னிரண்டு கதிரை தனியாக வாங்கி ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் வைத்தோம், மற்றவற்றைக் கொளுவியால் ஒன்றோடொன்று இணைத்தோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பெரிய பிழை களஞ்சிய அறை. கதவின் அகலத்தை அளந்தோம், வாசற்படியின் உயரத்தை யாரும் பார்க்கவில்லை. சில்லு வண்டி அதில் ஏறவே இல்லை. இரண்டு வருடம் கதிரை அடுக்குகள் திருமுழுக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றன, பார்க்கவே மனம் நொந்தது. கடைசியில் ஒரு சிறிய மரச் சரிவு போட்டதும் வேலை தீர்ந்தது. கதிரை வாங்கப் போகிறவர்கள் முதலில் அது தூங்கும் இடத்தைப் பாருங்கள். அப்புறம் யார் தூக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். எங்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

சனிக்கிழமை காலை தமிழ்ப் பாடசாலை நடக்கிறது. கதிரைகளை எடுத்த வெறும் மண்டபத்தில் சின்னவர்கள் ஆத்திசூடி சொன்னால் எதிரொலியில் ஒரு வரி மற்ற வரியோடு கலந்துவிடும். மேற்குச் சுவரில் தடித்த திரை தொங்கவிட்ட பிறகு கொஞ்சம் தெளிவு. பாடகர் குழுவுக்கு அந்த எதிரொலி வேண்டும், அவர்களுக்காக ஞாயிறு காலையில் திரையை ஒதுக்கிவிடுகிறோம்.

போன பெரிய வெள்ளியன்று கதிரைகளை வட்டமாகப் போட்டோம். வழக்கமாகக் கடைசி வாங்கில் இருந்து பழகியவர்களுக்கு அன்று கடைசி வரிசையே இல்லை. முதலில் தயங்கினார்கள், பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்கள்.

கால்களின் ரப்பர் மூடிகள் தேய்ந்து தரையில் கறுப்புக் கோடு விழத் தொடங்கிவிட்டது. புது மூடிகள் வந்திருக்கின்றன, அடுத்த சனிக்கிழமை பாடசாலை முடிந்ததும் மாற்றுகிறோம்.