கோதுமை மா ஆகாதவர்கள் நம்பிச் சாப்பிடக்கூடிய ஒரு திருகோணமலைக் கடை

திருகோணமலையில் கோதுமை மா கலவாத சாப்பாடு உண்டா என்று கேட்டு ஒரு கடைக்குள் நுழைபவருக்குப் பெரும்பாலும் "இருக்கு, வந்து இருங்கோ" என்ற பதிலே கிடைக்கும். உள்துறைமுக வீதிப் பக்கத்து ஒழுங்கையொன்றில் ஒரு தாயும் மகளும் நடத்தும் சாப்பாட்டுக்கடையை நான் இங்கே விதந்துரைப்பதற்குக் காரணம், அங்கே எனக்கு முதலில் கிடைத்த பதில் மறுப்பாக இருந்ததுதான். "தம்பி, புட்டுக்கு வெள்ளை மா கலந்திருக்கு, தோசைக்கும் போட்டிருக்கு, ரெண்டும் உங்களுக்குச் சரிவராது. இடியப்பம் தனிச் சிவப்பரிசி மா, வேணுமெண்டால் அதைத் தாறன்" என்று அந்த அம்மா அடுப்படியில் நின்றபடியே சொன்னார். தம்மிடம் இருப்பதில் எது ஆகாது என்று வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்த கடை, சீலியாக் நோய் உள்ள ஒருவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். பெயரை எழுதினால் எல்லாச் சாப்பாட்டுக்கும் தாம் உத்தரவாதம் தந்ததாக ஆட்கள் நினைத்துக்கொண்டு வருவார்கள் என்பது அவருடைய பயம். அந்தப் பயமும் எனக்குப் பிடித்திருந்தது.

சீலியாக் நோய் உள்ளவரின் உடல், கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டதும் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. குடலின் உட்சுவரில் போசணையை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்துபோவதால், வயிற்றுக் கோளாறு ஒருபுறம் இருக்க, குருதிச்சோகையும் எலும்புத் தேய்வும் உடல் மெலிவும் வந்து சேர்கின்றன. இதற்கு மருந்து இல்லை; ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்கி வாழ்வது ஒன்றே வழி. ஒரு கிலோகிராம் உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் அற்ற உணவென்று கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவு நியமம் ஏற்பதில்லை. பரோட்டா புரட்டிய கையால் இடியப்பத்தை எடுத்து வைப்பதைக்கூட நான் கவனித்துப் பார்ப்பதற்கு இதுதான் காரணம். அதைப் பார்ப்பவர்கள் எனக்குச் சுத்தம் பற்றிய வியாதி இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

ஊரில் இதை விளங்கிக்கொள்பவர்கள் குறைவு என்பதைவிட, விளங்கிவிட்டதாக நினைத்து வேறொன்றை விளங்கிக்கொள்பவர்கள் அதிகம் என்று சொல்வதே சரி. மா வேண்டாம் என்று சொன்னவுடன் அநேகருக்கு நீரிழிவுதான் நினைவுக்கு வருகிறது. இந்தக் கடையிலும் பரிமாறும் பையன் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டான், நான் கேட்காமலே சீனி போடாத தேநீரைக் கொண்டுவந்து வைத்து, "ஐயாவுக்குச் சீனி போடேல்லை, ஆட்டா மா ரொட்டி சுட்டுத் தரச் சொல்லட்டோ?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டான். வெள்ளை மாவுக்குப் பதில் ஆட்டா மா என்பது நீரிழிவுக்காரருக்குச் சொல்லப்படும் ஆலோசனை. ஆட்டா மாவும் கோதுமைதான், ரவையும் கோதுமைதான், குளூட்டனைப் பொறுத்தவரை தவிட்டோடு அரைத்தாலும் தவிடு நீக்கி அரைத்தாலும் வேறுபாடு இல்லை என்று அந்தப் பையனுக்கு விளக்கியது நானல்ல, உள்ளேயிருந்து வந்த மகள். அவள் அதைச் சொன்ன விதத்தில் கடிந்துகொள்ளலும் இல்லை, எனக்காக வருத்தப்படுவதும் இல்லை. பக்கத்து மேசையில் இருந்தவர், இதெல்லாம் அலர்ஜிதானே, ஒரு பிரிட்டோன் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று தம் பங்கையும் சேர்த்தார். சீலியாக் ஒவ்வாமை அல்ல. ஒவ்வாமைக் குளிசை அதைத் தடுக்காது. ஆனால் பசியோடு இருக்கும்போது இதையெல்லாம் ஒவ்வொரு மேசையாகப் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்பதனால் நான் சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

"அந்தக் காலத்தில் இப்படியொரு வருத்தம் இருந்ததோ? இது புது நாகரிகம்" என்று சொல்லும் பெரியவர்களும் எல்லாக் கடைகளிலும் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில், நெதர்லாந்தில் பாண் கிடைக்காமல் போனபோது, வில்லெம் டிக்க என்ற குழந்தை மருத்துவரின் பராமரிப்பில் இருந்த சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். கோதுமை திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி நோயுற்றார்கள். கோதுமைதான் குற்றவாளி என்று அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் அதனால் உறுதிப்பட்டது. ஆகவே வருத்தம் பழையது. புதிதாக வந்தது எதுவென்றால், நம்முடைய தட்டில் இருக்கும் கோதுமைதான். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அது கப்பலில் வந்து இறங்குகிறது. நாட்டின் பெரிய மா ஆலையோ 1980 முதல் இதே திருகோணமலையில், சீனன்குடாவில், இயங்கி வருகிறது. காலையில் பாண், பத்து மணிக்கு ரோல்ஸ், மாலையில் பணிஸ், இரவில் கொத்து என்று ஊரே கோதுமையில் ஓடும்போது, அதை உண்ணாத ஒருவர் நாகரிகம் காட்டுபவராகத் தெரிவதில் வியப்பில்லை.

கடையின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடியப்பம் சற்றே தடித்த சரம். வெள்ளை மா இடியப்பத்தின் வழவழப்பு அதில் கிடையாது, ஆறினால் விறைத்துப்போகும், ஆகவே ஏழரை மணிக்குள் போய்விட வேண்டும். சுடச்சுட எடுத்து, வெந்தயம் மணக்கும் சொதியை ஊற்றி, அம்மியில் இடித்த செத்தல் மிளகாய்ச் சம்பலோடு சாப்பிட்டால் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. இடியப்ப உரலை அரிசி மாவுக்கென்றே தனியாக வைத்திருக்கிறார்கள். பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருப்பதைக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். மதியம் சிவப்பு நாட்டரிசிச் சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, அன்றைக்குக் கிடைத்த மீனில் ஒரு குழம்பு. பாரை கிடைத்த நாளில் குழம்பைத் தவறவிடக் கூடாது; கொறுக்காய்ப் புளிப்பும் மிளகும் அளவாக நிற்கும். மரக்கறிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, பூசணி எப்போதும் குழைந்தே வருகிறது.

எனக்கு இந்தக் கடை மீது முழு நம்பிக்கை ஏற்பட்டது ரசத்தினால். ரசத்தில் பெருங்காயம் போடுவீர்களா என்று கேட்டேன். போடுவோம் என்றார் அம்மா. பெருங்காயப் பிசினைத் தனியாக விற்பது அரிது, மாவோடு கலந்துதான் டப்பாவில் அடைக்கிறார்கள், அந்த மா பல வகைகளில் கோதுமை மாவாக இருக்கிறது என்று சொன்னபோது, வேறு கடையாக இருந்தால் "அது ஒரு துளிதானே" என்ற பதில் வந்திருக்கும். அவர் அடுக்களைக்குள் போய் மஞ்சள் டப்பாவை எடுத்துவந்து, மூக்குக்கண்ணாடி இல்லாததால் கையை நீட்டி வெளிச்சத்தில் தூரப் பிடித்து, அச்சிட்டிருந்த பொடி எழுத்துகளைக் கூட்டி வாசித்தார். மூன்றாவது பொருளாகக் கோதுமை மா இருந்தது. "இவ்வளவு நாளும் இதை ஆர் பார்த்தது" என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு டப்பாவைத் தட்டின் மேல் வைத்தார். இப்போது ரசம் உள்ளியும் சீரகமும் மட்டும் தட்டிப்போட்டு வருகிறது. முன்பைவிட நன்றாக இருக்கிறது என்றே மற்ற வாடிக்கையாளர்களும் சொல்கிறார்கள்.

இதற்கு எதிர்மாறான அனுபவம் கிடைத்தது, வெளிநாட்டவர் அதிகம் வரும் கடற்கரைப் பக்கத்து விடுதியொன்றில். அங்கே உணவுப் பட்டியலிலேயே குளூட்டன் அற்றது என்று கோதுமைக் கதிரைக் குறுக்கே வெட்டிய சின்னம் போட்டிருந்தது. அந்தச் சின்னம் போட்ட பொரித்த சோற்றில் சோயா சோஸ் ஊற்றப்படுகிறதா என்று கேட்டபோது, ஆம், ஆனால் அது சோயாதானே என்றார்கள். வழமையான சோயா சோஸ் சோயாவோடு கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைக்கப்படுவது. அதே சின்னம் போட்ட மீன் பொரியலைப் பொரிக்கும் எண்ணெயிலேயே ரஸ்குத் தூளில் பிரட்டிய கட்லட்டும் பொரிகிறது. சின்னத்தைப் போட்டவர் அதன் பொருளைச் சமையற்காரருக்குச் சொல்லவில்லை என்றே தோன்றியது. சின்னத்தை நம்பிக் கேள்வி கேட்காமல் சாப்பிடும் பயணிகளை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

நான் பாராட்டும் கடையிலும் குறைகள் உண்டு, அவற்றை மறைத்தால் இதை நம்பிப் போகிறவருக்குத்தான் கேடு. பன்னிரண்டரை மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில் கூட்டம் நெருக்கும்போது ஒரே கரண்டி எல்லாக் கறிக்கும் போகிறது. அந்த நேரத்தில் அம்மாவால் எதையும் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. வடையையும் பப்படத்தையும் ரோல்ஸ் பொரிக்கும் தாச்சியிலேயே பொரிக்கிறார்கள், ஆகவே உழுந்து வடை என்ற பெயரை நம்பி அதைத் தொடக் கூடாது. மாலை ஆறு மணிக்குப் பிறகு கடையின் முன்பகுதியை மருமகன் எடுத்துக்கொள்கிறார். கொத்து ரொட்டித் தகடு சூடேறி, தூவுகிற மா காற்றில் பறந்து எல்லாவற்றிலும் படிகிறது; அந்த நேரத்தில் எதுவும் சாப்பிடாமல் திரும்புவதே நல்லது. பால் தேநீர் குடிக்கலாம், ஆனால் மோல்ட் சேர்ந்த பானங்கள் பார்லியில் செய்யப்படுபவை என்பது பையனுக்கு இன்னும் பிடிபடவில்லை. "இது மா இல்லை, சத்துப் பானம்" என்றே அவன் சாதிக்கிறான்.

மகளிடம் ஒன்று சொல்லிவைத்தேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன். அவளுடைய அயல்வீட்டுப் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றோட்டம், நிறை ஏறவில்லை; உடனே கோதுமையை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். குருதிப் பரிசோதனையும் தேவைப்பட்டால் குடலின் இழையப் பரிசோதனையும் முடியும் வரை நிறுத்தக் கூடாது. முன்கூட்டியே நிறுத்தினால் பரிசோதனை முடிவு நோய் இல்லாததுபோல் வரக்கூடும், பிறகு உண்மையைக் கண்டுபிடிக்க மறுபடி கோதுமை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். முதலில் வைத்தியரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

விலை அயற்கடைகளைவிடச் சற்றே கூடுதல். தனி அரிசி மா அரைப்பிக்கும் செலவைப் பார்த்தால் அது நியாயமானது. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும், ஞாயிறு பூட்டு. முதல்நாள் மாலையில் நேரில் சொல்லிவைத்தால் குரக்கன் மாவில் கோதுமை கலக்காமல் தனி நீத்துப்பெட்டியில் புட்டு அவித்து வைப்பார்கள். சொல்லாமல் போய்க் குரக்கன் புட்டு கேட்டால் கிடைப்பது வெள்ளை மா கலந்ததுதான், அதையும் அந்த அம்மா கேட்கமுன்னரே சொல்லிவிடுவார்.