"செட்டிநாட்டு வீட்டுப் பெட்டகத்துக் காசு" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

பதினான்கு வெள்ளி ரூபாய்க் காசுகளுக்கு 23,800 ரூபாய் கொடுத்தேன். வந்தவற்றில் பத்து போலி. மீதி நான்கு அசல்தான், ஆனால் சேதத்தை மறைத்து விற்ற காசுகள். இணையத்தில் பழைய காசு வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை அனுப்புங்கள்.

எங்கள் அப்பத்தா ஒரு மஞ்சள் துணி முடிச்சில் 21 வெள்ளி ரூபாய் வைத்திருந்தார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி மூவரும் ஆளுக்கு ஏழாகப் பிரித்துக்கொண்டோம். என் மகள் திருமணத்தில் மறுபடியும் 21 காசைத் தட்டில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மற்றவர்களிடம் கேட்க மனம் வரவில்லை. அந்த நேரத்தில்தான் சமூக வலைத்தளத்தில் ஒருவருடைய விளம்பரம் கண்ணில் பட்டது. கானாடுகாத்தான் பக்கம் இடித்த ஒரு வீட்டின் பெட்டகத்தில் கிடைத்த விக்டோரியா ராணிக் காசுகள் என்று எழுதியிருந்தார்.

நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. இங்கே வீடுகள் இடிபடுவது பொய்யில்லை. தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் லாரியில் ஏறிப் போவதைப் பார்த்து வயிறு எரிந்தவன் நான். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நம்மவர்கள் அங்கேயும் இதே இந்திய ரூபாயில்தான் வரவு செலவு செய்தார்கள். அந்தக் காசு இங்கே பெட்டகத்தில் இருப்பதும் நடக்கக்கூடியதுதான். நம் ஊரின் நிஜமான துயரத்தை எடுத்துக்கொண்டு அந்த மனிதர் பித்தளையை விற்றிருக்கிறார். பணம் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

எடையைக் கேட்டேன். ஒவ்வொரு காசையும் மின்தராசில் வைத்துப் படம் அனுப்பினார். பெரும்பாலானவை 11.66 கிராம். ஆங்கிலேயர் கால வெள்ளி ரூபாயின் நிர்ணய எடை அதுதான், வெள்ளி 91.7 சதவீதம். திருப்தியாகப் பணத்தை அனுப்பினேன். அங்கேதான் தவறினேன். நூறு வருடத்துக்கு மேல் கைமாறிய காசு தேயாமல் இருக்குமா? அப்பத்தாவின் ஏழு காசுகளைப் பிறகு நிறுத்துப் பார்த்தேன், 11.41 முதல் 11.60 வரை ஒவ்வொன்றும் ஒரு எடை. மூக்கும் காதும் தேய்ந்த ராணி, அச்சடித்த அன்றைய எடையிலேயே நிற்கிறாள் என்றால் அந்தக் காசைச் சந்தேகப்படுங்கள்.

பார்சல் வந்ததும் கூடத்துக் கல் தரையில் ஒரு காசைத் தட்டிப் பார்த்தேன். அப்பத்தாவின் காசு கணீர் என்று நீளமாக ஒலிக்கும். இது டொக் என்று அடங்கிவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்தேன். 1885 என்று போட்ட மூன்று காசுகளில், ராணியின் கன்னத்தில் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில், ஒரே சாய்வில் ஒரு கீறல். ஒரு அசல் காசை வைத்து அச்சு எடுத்து வார்த்திருக்கிறார்கள். அந்தக் காசில் இருந்த கீறலும் சேர்ந்து மூன்றிலும் வந்துவிட்டது. எழுத்துகளின் ஓரம் கரைந்த சோப்பு போல மழுங்கியிருந்தது. விளிம்பின் வரிகளுக்குக் குறுக்கே, காசைச் சுற்றிலும், ஒட்டுப்போட்ட கோடு ஒன்று மெல்லியதாக ஓடியது. விற்றவர் எனக்கு விளிம்பைப் படம் எடுத்து அனுப்பவே இல்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொரு காசில் 1862 என்று வருடம், ராணியைச் சுற்றி "விக்டோரியா எம்ப்ரஸ்" என்று ஆங்கில எழுத்து. விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டது 1877 ஜனவரி 1. அதற்கு முந்தைய காசுகளில் "குயின்" என்றுதான் இருக்கும். இந்த ஒன்றைப் பார்க்கத் தராசுகூட வேண்டாம்.

காந்தத்தை நம்பாதீர்கள். வெள்ளியில் காந்தம் ஒட்டாது என்பது சரி. பித்தளையிலும் செம்பிலும்கூட ஒட்டாது. எனக்கு வந்த பத்திலும் ஒட்டவில்லை.

எங்களுக்கு நகை செய்யும் பத்தர் காட்டிய சோதனை காசுக்குச் சேதம் செய்யாதது. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் முங்கும்படி தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். அப்பத்தாவின் 11.52 கிராம் காசுக்கு 1.11 காட்டியது, வகுத்தால் 10.3-க்குச் சற்று மேல். 91.7 சதவீத வெள்ளிக்கு அப்படித்தான் வர வேண்டும். இணையத்துக் காசுக்கு 1.36 காட்டியது, அதாவது 8.6-க்குள். "அண்ணே, இது வெள்ளி இல்லை" என்றார் பத்தர். என் சம்மதத்தோடு ஒன்றைக் குறுக்கே வெட்டினார். உள்ளே முழுக்க மஞ்சள்.

இதைச் செய்து பார்ப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான், அடர்த்தி 9.5 அளவில் வந்தால் அது போலி என்று அர்த்தமில்லை. ஆனால் அதை முழு வெள்ளி விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். 1947-இல் வந்த ரூபாய் நிக்கல். அதில் வெள்ளியே கிடையாது, காந்தமும் ஒட்டும்.

அந்த நான்கு அசல் காசுகளின் கதை வேறு. கண்ணாடி போல மின்னின. ஒரு காலத்தில் கழுத்தில் தொங்கிய காசுகள் அவை. மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்த இடத்தை அரத்தால் ராவி, தடம் தெரியாதபடி முழுக் காசையும் மெருகேற்றியிருக்கிறார்கள். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தலைமுடி போன்ற நுண்ணிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். சேகரிப்பவர் யாரும் இதற்கு வெள்ளி விலைக்கு மேல் கொடுக்க மாட்டார். பழைய வெள்ளியில் படியும் கருமைதான் அதன் வயதுக்குச் சாட்சி. உங்கள் வீட்டுக் காசுகளையும் தயவுசெய்து புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்காதீர்கள்.

விற்றவருக்கு எழுதினேன். "பழைய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை" என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகார் செய்தேன், ஆனால் பணம் அனுப்பிப் பதினோரு நாள் கழித்து. ஏமாந்தது தெரிந்த அன்றே அழையுங்கள். பணம் அந்தக் கணக்கில் இருக்கும்போது அழைத்தால்தான் நிறுத்திவைக்க வழியுண்டு. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைத்திருந்ததால் புகாரோடு காட்ட ஏதாவது இருந்தது.

இத்தனைக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அங்கே விலை பேசலாம், காசைக் கையில் வாங்கி விளிம்பைத் திருப்பிப் பார்க்கலாம், பத்தரைக் கூட்டிக்கொண்டும் போகலாம்.

திருமணத் தட்டில் ஏழு காசுதான் வைத்தோம். போலியில் வெட்டியது போக ஒன்பது என்னிடம் இருக்கின்றன. போன வாரம் ஒருவர் வந்து, "முழுதாகக் கொடுங்கள், நல்ல விலை தருகிறேன்" என்றார். கொடுக்கவில்லை. புகார் முடிந்ததும் ஒன்பதையும் வெட்டிவிடும்படி பத்தரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.