கனாஷா, பிராலினா? பிரெஞ்சு சாக்லேட்டும் பெல்ஜிய சாக்லேட்டும்

பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போக அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இரண்டு ஊரிலும் வாங்கிய சாக்லேட் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால், இரண்டும் ஒரே பண்டம் என்று சொல்ல மனம் வராது. பெல்ஜியப் பெட்டியில் சிப்பி, இதயம், இலை என்று புடைத்த உருவங்கள். வெள்ளையும் பழுப்பும் கறுப்பும் கலந்து கிடக்கும். பிரெஞ்சுப் பெட்டியில் தட்டையான சின்னச் சதுரங்கள், பெரும்பாலும் கறுப்பு, மேலே ஒரு கோடோ ஒரு பொட்டுத் தங்கத் தாளோ. பார்வைக்குப் பெல்ஜியம்தான் ஜெயிக்கும்.

வித்தியாசம் தொடங்குவது பட்டறையில். பெல்ஜியக்காரர்கள் கொழுக்கட்டை வழியில் போகிறவர்கள்: முதலில் ஓடு, பிறகு பூரணம். உருக்கிய சாக்லேட்டை அச்சில் ஊற்றிக் கவிழ்த்தால், சுவரில் ஒட்டியது மட்டும் ஓடாக நிற்கும். அதற்குள் கொட்டை விழுதோ க்ரீமோ கேரமலோ இட்டு அடியை மூடிவிடுவார்கள். பூரணம் வைத்த இந்தச் சாக்லேட்டுக்குத்தான் அங்கே பிராலின் என்று பெயர். 1912இல் பிரஸ்ஸல்ஸின் நாய்ஹாஸ் கடையில் அது பிறந்தது. ஓடு தடிமனாக இருப்பதால் உள்ளே எவ்வளவு இளகிய சரக்கையும் வைக்கலாம்.

பிரான்ஸில் தலைகீழ். சூடான க்ரீமைச் சாக்லேட்டில் ஊற்றிக் குழைத்தால் வருவது கனாஷ். அதைத் தகடாகப் பரப்பி, இறுகியதும் வரிசையாகக் கம்பி கட்டிய சட்டத்தை அழுத்தி ஒரே வீச்சில் சதுரங்களாக வெட்டுகிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பட்டறையில் கித்தார் என்று பெயர். வெட்டிய துண்டுகள்மேல் மெல்லிய சாக்லேட் போர்வை, அவ்வளவுதான். கடித்தால் ஓடு உடையும் சத்தம் அநேகமாகக் கேட்காது. முதலில் கோக்கோவின் கசப்பு, பிறகு க்ரீமின் வழவழப்பு, விழுங்கிய பிறகு மெல்ல எழும் மணம். பெல்ஜியத் துண்டில் இனிப்பு முந்திக்கொள்ளும்; கோக்கோ பின்னால் வரும்.

பழம்பெருமை பேசுவதில் பிரான்ஸை மிஞ்ச ஆளில்லை. 1615இல் பதின்மூன்றாம் லூயியை மணந்த ஸ்பானிய இளவரசி ஆன், 1660இல் பதினான்காம் லூயியை மணந்த மரீ தெரேஸ் என்று சாக்லேட் கடைப் புராணங்களில் அரசிகள் வரிசையாக வருவார்கள். தென்மேற்கு மூலையிலுள்ள பயோன் நகரின் கதை அவ்வளவு உரக்கச் சொல்லப்படுவதில்லை. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் விரட்டப்பட்ட யூதர்கள் அங்கே ஆற்றுக்கு அக்கரையில் குடியேறி, கோக்கோ அரைக்கும் தொழிலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தொழில் லாபம் கண்டதும் உள்ளூர் சாக்லேட்காரர்கள் 1761இல் சங்கம் அமைத்து அவர்களையே வெளியே நிறுத்தினார்கள். 1767இல் போர்தோ நீதிமன்றம் அந்தச் சங்க விதிகளை ரத்து செய்தது.

மருந்துக்கடைப் பூர்வீகம் என்று பார்த்தால் இரு தரப்பும் சமம். பதினாறாம் லூயியின் மருந்தாளராக இருந்த சுல்பிஸ் தெபோவ் 1800இல் பாரிஸில் சாக்லேட் கடை திறந்தார். 1816இல் தொடங்கிய மெனியே நிறுவனம் முதலில் மருந்துப் பொடி விற்றது. நாய்ஹாஸும் 1857இல் மருந்துக்கடையாகத் தொடங்கியதுதான்.

என்னைக் கேட்டால், இன்றைய பிரெஞ்சு சாக்லேட்டின் ருசிக்கும் அந்த அரசிகளுக்கும் பெரிய உறவில்லை. அந்த ருசியின் வயது அரை நூற்றாண்டுதான். 1977இல் ரொபேர் லான்க்ஸ் பாரிஸில் லா மெசோன் து ஷொகோலா கடையைத் திறந்தபோது கனாஷை நடுநாயகமாக வைத்தார். அவருடைய ஸகோரா என்ற புதினா மணத் துண்டைச் சாப்பிட்டால் சேதி புரியும். உள்ளே புதினா இலை எதுவும் தட்டுப்படாது. க்ரீமில் ஊறவைத்து வடிகட்டிய மணம் மட்டும் இருக்கும். 1986இல் வல்ரோனா நிறுவனம் 70 சதவீதக் கோக்கோவுடன் குவானஹா என்ற சாக்லேட்டைக் கொண்டுவந்தது. கசப்பு என்றால் முகம் சுளித்த சமையல்காரர்கள் அதற்குப் பிறகு சதவீதம் பேச ஆரம்பித்தார்கள். (இப்போது அந்தப் பேச்சு அளவு மீறிவிட்டது. 85 என்று எழுதியிருப்பதாலேயே நல்ல சாக்லேட் ஆகிவிடாது.)

கொட்டை விழுதில் மட்டும் என் ஓட்டு பெல்ஜியத்துக்கு. வறுத்த ஹேசல்நட்டைச் சர்க்கரையோடு அரைத்த அந்தப் பூரணத்துக்குத் தடித்த ஓடு பொருந்துவதுபோல மெல்லிய போர்வை பொருந்தாது. விலையிலும் பெல்ஜியம் பரவாயில்லை. பாரிஸின் பெயர்பெற்ற கடைகளில் கிலோ நூறு யூரோவைத் தாண்டுவது சகஜம். பெல்ஜியத்தின் லியோனிடாஸ் கடைகளில் அதில் பாதிகூட ஆகாது.

இத்தனை போட்டியும் கடைவாசல்வரைதான். பெல்ஜியத்தின் காலெபோவும் பிரான்ஸின் கக்காவோ பாரியும் 1996இல் ஒரே நிறுவனமாயின, தலைமையகம் சுவிட்சர்லாந்தில். இரு நாட்டிலும் பல கடைகள் தாங்களே கோக்கோ கொட்டை வறுப்பதில்லை, இப்படிப்பட்ட பெரிய ஆலைகளிடம் சாக்லேட் வாங்கி உருக்குகிறவைதான். கோக்கோவோ பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. உலகிலேயே அதிகம் விளைவிக்கும் ஐவரி கோஸ்ட், 1960வரை பிரெஞ்சுக் காலனி. கடைப் புராணத்தில் அரசிகளுக்கு இடமுண்டு, அந்த நாட்டு விவசாயிக்கு இல்லை.

தானே கொட்டை வறுக்கும் கடை வேண்டுமென்றால் லியோனில் 1953இல் தொடங்கிய பெர்னஷோனுக்குப் போகலாம். தங்கத் தாள் ஒட்டிய வட்டமான பாலே தோர் அங்கே கேட்டு வாங்க வேண்டியது. பிரஸ்ஸல்ஸிலும் ஒருவர் இருக்கிறார்: 1995இல் கடை தொடங்கிய பியேர் மார்கொலினி. அவரும் கொட்டையிலிருந்தே செய்கிறார். அவருடைய மெல்லிய சதுரங்களைக் கண்ணைக் கட்டிக் கொடுத்தால் பாரிஸ் சரக்கு என்றே சொல்வீர்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பரிசு என்றால் பெல்ஜியப் பெட்டி. நீங்களே உட்கார்ந்து சாப்பிட என்றால் கனாஷ். ஊருக்கு எடுத்து வருவதானால் கனாஷை மறந்துவிடுங்கள். உள்ளே க்ரீம் இருப்பதால் சில வாரங்களே தாங்கும். தவிர, கோக்கோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும். மே மாதச் சென்னையில் விமான நிலையத்தைத் தாண்டுவதே கஷ்டம். அதற்குப் பதில், 1884 முதல் பிரான்ஸின் வுவாரோன் ஊரில் இருக்கும் பொனா கடையின் ஒரு சாக்லேட் பட்டை வாங்குங்கள், ஒரே நாட்டுக் கோக்கோவில் செய்ததாகப் பார்த்து. அதையும் கைப்பையில் வைத்துக் கொண்டுவாருங்கள்.