மொழியியல் மைனர்: 11 ஆண்டுகள் கழித்து

“சித்தி, மொழியியலை மைனராக எடுக்கலாமா?” என்று அக்கா மகள் கேட்டிருக்கிறாள். மைனர் என்றால் பட்டப்படிப்பில் முதன்மைப் பாடத்தோடு எடுக்கும் துணைப்பாடம். கணினி அறிவியலோடு நான்கு தாள் மொழியியல் படித்தவள் நான். என்னென்ன தாள், எத்தனை மதிப்பெண் என்ற விவரமெல்லாம் அவளிடமே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

முதல் பருவம் இன்றும் இனிக்கிறது. ஒலியியல் வகுப்பில் ஆளுக்கொரு காகிதத் துண்டு. உதட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ‘பின்’, ‘ஸ்பின்’ என்று சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் சொன்னால் முதல் சொல்லுக்குக் காகிதம் படபடக்கும், இரண்டாவதற்கு அசையாது. என்னுடையது இரண்டுக்குமே அசையவில்லை. மூச்சைத் தள்ளிச் சொல்லும் ‘ப’ தமிழில் ஏது? க, ங முதல்நா, ச, ஞ இடைநா, ட, ண நுனிநா என்று பள்ளியில் ஒப்பித்த நன்னூல் அன்றைக்குத்தான் வாய்க்குள் வந்தது. கடல், தங்கம், பகல் மூன்றிலும் ‘க’ மூன்று விதமாக ஒலிப்பது அதுவரை காதில் விழுந்ததே இல்லை. அதன்பிறகு விழாத நாளில்லை.

வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியல்தான் எரிச்சல். ஒரு பருவம் முழுக்க ஜான் மேரியைப் பார்த்தான். அந்த உதாரண வாக்கியத்தைக் கிளை கிளையாகப் பிரித்து மரப்படம் வரைந்தோம். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதற்கு வரைந்து காட்டுங்கள் என்றேன். பசி எனக்கு, நானோ நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன், வினைமுற்று அஃறிணை ஒருமை. எழுவாய் எங்கே? “அது தேர்வுக்கு வராதம்மா” என்றார் ஆசிரியர். தெற்காசிய மொழிகளில் இப்படி வரும் வாக்கியங்களுக்கென்றே 1990இல் ஒரு தொகுப்பு நூல் வந்திருப்பது பிறகு நூலகத்தில்தான் தெரிந்தது. வகுப்பில் ஜான் மேரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பாடத்திட்டம் அவர் வகுத்ததல்ல, பாடநூலும் ஆங்கிலம். அவரைக் குறை சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பசிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறதே!

வேலைக்கு உதவியதா? ஒரே ஒருமுறை. வீட்டை, வீட்டுக்கு, வீட்டிலிருந்து எல்லாம் ‘வீடு’தான் என்று ஒரு தேடல் நிரலுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் அந்த வாரம் மட்டும் நான் ராணி.

எடுக்காதே, பொருளியல் எடு என்று பதில் எழுதிவிட்டேன். பழைய நோட்டுகளையாவது தாருங்கள் என்கிறாள். தரமாட்டேன். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.