ஆதித் திருச்சபை நூல்கள்: காசு கொடுக்க முன்னம் திறந்து பார்க்க வேண்டிய பக்கங்கள்

உயர்தரத்தில் கிறிஸ்தவ நாகரிகம் எடுக்கும் பிள்ளைகளும் மறைக்கல்வி ஆசிரியர்களும் யாழ்ப்பாணக் கடைகளில் முதலில் தேடுவது வரலாற்றுச் சுருக்கத்தைத்தான். முதலில் வாங்க வேண்டியது மூல எழுத்துகளின் தொகுப்பு.

பெங்குவின் வெளியிட்ட ‘ஏர்லி கிறிஸ்டியன் ரைட்டிங்ஸ்’ (ஆண்ட்ரூ லவுத் திருத்திய 1987 பதிப்பு) கைக்கடக்கமான நல்ல நூல். உரோமைக் கிளமெந்தின் மடல், அந்தியோக்கிய ஆயர் இஞ்ஞாசியாரின் ஏழு மடல்கள், பொலிக்கார்ப்பின் மறைசாட்சியம், திதாக்கே என்ற ஆதிச் சபைக் கையேடு எல்லாம் இதில் உண்டு. எர்மாவின் ‘மேய்ப்பர்’ இல்லாதது குறைதான். ஆனாலும் திதாக்கேயின் 7ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள்: ஓடும் தண்ணீரில் திருமுழுக்குக் கொடு; அது இல்லையா, வேறு தண்ணீரில்; குளிர்நீர் முடியாதா, வெந்நீரில்; இரண்டுமே போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று. ஒரு சின்னச் சபை என்னென்ன இக்கட்டுகளை எண்ணிப் பார்த்திருக்கிறது! சுருக்க நூல்களில் இந்த உயிர் வராது.

மலிவான மறுபதிப்புகளில் கவனம் வேண்டும். பல, 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகளை அப்படியே அச்சிட்டவை. இஞ்ஞாசியார் பகுதியைத் திறந்து மடல்களை எண்ணுங்கள். ஏழுக்கு மேல் இருந்தால் மிகுதி பிற்காலத்தார் அவர் பெயரில் எழுதியவை. அந்த ஏழுக்கே நீண்ட வடிவம், குறுகிய வடிவம் என்று இரண்டு இருந்தால் குறுகியதையே எடுங்கள். நீண்டதில் 4ஆம் நூற்றாண்டின் இடைச்செருகல் உண்டு. பழைய பதிப்பாசிரியர்கள் இதை முன்னுரையில் சொல்லியே அச்சிட்டார்கள். முன்னுரையை வெட்டிய பிரதியை நம்பினால், பிந்திய கோட்பாட்டை 2ஆம் நூற்றாண்டுச் சான்றாகக் காட்டிவிடுவீர்கள்.

வரலாற்று நூலுக்கு ஒரே சோதனை: 325இல் ஆயர்கள் கூடிய நிசேயாச் சங்கம் விவிலிய நூல்களைத் தெரிவு செய்தது என்று எழுதியிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். அந்தச் சங்கத்தின் 20 விதிகளில் அப்படி ஒன்றுமில்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டும் அடக்கிய பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியாரின் 367ஆம் ஆண்டு மடலில்தான் வருகிறது.

கோட்பாட்டுக்கு ஜே. என். டி. கெல்லியின் ‘ஏர்லி கிறிஸ்டியன் டொக்ட்ரின்ஸ்’ 5ஆம் பதிப்பு. கிரேக்க, இலத்தீன் சொற்கள் நிறைய. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் களைத்துவிடும். நிசேயாவிலிருந்து 451இன் கல்செதோன் சங்கம் வரை போகும் மூன்றாம் பகுதியை முதலில் வாசியுங்கள். ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்று விசுவாச அறிக்கையில் நாம் சொல்லும் வரிக்குப் பின்னால் இருந்த வழக்கு அங்கே விளங்கும். போட்டோக்கொப்பி எடுப்பவர்கள் பக்கத்தின் அடி வெட்டுப்படாமல் பாருங்கள். எந்தத் திருச்சபைத் தந்தை எந்த நூலில் சொன்னார் என்ற அடிக்குறிப்புகள் அங்கேதான் இருக்கின்றன.