கசான் – ஸ்வியாஷ்ஸ்க் ஒருநாள் சுற்றுலா: காலை அருமை, மாலை அவசரம்

மகன் ரஷ்யாவில் கசான் நகரில் மருத்துவம் படிக்கிறான். ஜூலையில் அவனைப் பார்க்கப் போனபோது ஒருநாள் சுற்றுலா ஒன்றுக்கு எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டான். காலையில் கசான் கிரெம்ளின் என்ற பழைய கோட்டை, மதியத்துக்கு மேல் வேனில் ஸ்வியாஷ்ஸ்க் தீவு. நான் மரக்கடை வைத்திருப்பவன். அதனால் இந்த மதிப்பீட்டில் கொஞ்சம் மரவாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரெம்ளினில் வழிகாட்டியம்மா நன்றாகவே பேசினார். 1552 அக்டோபரில் மாஸ்கோவின் ஜார் (மன்னர்) நான்காம் இவான், டாடார்கள் ஆண்ட கசானைப் பிடித்தது, பிறகு பஸ்கோவ் என்ற ரஷ்ய ஊரிலிருந்து கொத்தனார்களை வரவழைத்து வெள்ளைக் கல் சுவர் எழுப்பியது, டாடார்களை ஊருக்கு வெளியே குடியேற்றியது எதையும் பூசி மெழுகவில்லை. குல் ஷரீஃப் மசூதி 2005இல் திறந்தது. பழைய மசூதியும் அந்தப் பெயருக்குரிய இமாமும் முற்றுகையோடு போய்விட்டதாம்.

சாய்ந்த சூயும்பிகே கோபுரத்தடியில்தான் சறுக்கினார். கசான் ராணி சூயும்பிகே உச்சியிலிருந்து குதித்து உயிரைவிட்ட கதையை வரலாறு மாதிரியே சொன்னார். அந்த ராணியையும் சின்ன மகனையும் 1551லேயே மாஸ்கோவுக்குக் கொண்டுபோய்விட்டார்களே என்று என் பையன் கேட்டான். "சனங்களுக்குப் பிடித்த கதை" என்று சிரித்துச் சமாளித்தார்.

சாப்பாட்டுக்கு எச்போச்மாக். உருளைக்கிழங்கும் கறியும் வைத்த முக்கோண அப்பம், சூடாக இருந்தது. பிறகு ஒரு தேன் மிட்டாய்க் கடையில் 50 நிமிடம் நிறுத்தினார்கள். அந்த 50 நிமிடம்தான் கடைசியில் வயிற்றெரிச்சல்.

வேனில் பிளாஸ்டிக் உறை போட்ட வரைபடம் ஒன்றைக் கையில் கொடுத்தார். நான்காம் இவானின் தாத்தா மூன்றாம் இவான் 1478இல் நோவ்கரோதையும் 1485இல் த்வேரையும் மாஸ்கோவோடு சேர்த்தது ஒரு நிறம். நான்காம் இவானின் கசானும் 1556இல் விழுந்த அஸ்திரகானும் இன்னொரு நிறம். அதோடு வோல்கா ஆறு முழுக்க, காஸ்பியன் கடல் வரைக்கும், ஜார் கைக்கு வந்துவிட்டது. 1639இல் ரஷ்யாவின் கொசாக் குதிரைவீரர்கள் பசிபிக் கரையையே தொட்டுவிட்டார்கள். நல்ல வரைபடம்தான். ஆனால் நிறம் எப்படி நகர்ந்தது என்பதற்கு விடை ஸ்வியாஷ்ஸ்க்கில் இருக்கிறது.

1552க்கு முன் இரண்டு தடவை குளிர்காலத்தில் கசான்மேல் படையெடுத்து, எதிர்பாராமல் பனி உருகி, தோற்றுத் திரும்பியவர் நான்காம் இவான். முதல் தடவை பீரங்கிகள் வோல்காவின் பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டன. மாஸ்கோவிலிருந்து சாமான் வந்துசேர அவ்வளவு தூரம். பக்கத்திலேயே ஒரு கிடங்கு வேண்டும். அதற்காக மேல்வோல்காவில் உக்லிச் பக்கம் காட்டை வெட்டி, ஒரு கோட்டையையே அங்கே பூட்டிப் பார்த்து, கட்டைக்குக் கட்டை அடையாளம் போட்டுப் பிரித்து, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். 1551இல், எதிரி ஊரான கசானிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், ஸ்வியாஷ்ஸ்க்கில், நாலே வாரத்தில் கோட்டை எழும்பியது. வந்த மரம் பாதிச் சுவருக்குத்தான் போதுமாக இருந்ததால், மீதியை அங்கேயே வெட்டி முடித்தார்கள். பொறுப்பாக இருந்தவர் இவான் விரோத்கோவ். நான் ஒரு வீட்டுக்கு நிலையும் சன்னலும் அடையாளம் போட்டு அனுப்பினாலே இரண்டு மாறிப்போய் போன் வரும். இது ஊர்!

இவ்வளவையும் வழிகாட்டியம்மா இரண்டே வாக்கியத்தில் முடித்தார். தீவில் மொத்தம் 40 நிமிடம். குதிரைத் தலையோடு புனித கிறிஸ்டோபரை வரைந்திருக்கும் சுவரோவியத்தைக் காட்ட ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப்போனார். அகழ்ந்தெடுத்த பழைய மரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அது திட்டத்திலேயே இல்லை. 1551ஐச் சேர்ந்த மரக் கோயில் இன்னும் நிற்கிறது. மூலையில் கட்டைகள் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பார்க்கக் குனிவதற்குள் "வேன் கிளம்புது அப்பா" என்றான் பையன்.

கிரெம்ளினுக்கு இவர்களோடு தாராளமாகப் போகலாம், அதற்கு ஐந்துக்கு நாலு. ஸ்வியாஷ்ஸ்க்குக்கு இரண்டுதான். கோடையில் கசான் ஆற்றுத்துறையிலிருந்து படகு போகிறது. அதில் ஏறி முழு நாளையும் தீவுக்கே ஒதுக்குங்கள். மிட்டாயை ஊருக்குள்ளேயே வாங்கிக்கொள்ளலாம்.